எழுதாமல் விட்ட திருவாதிரை: ஒரு வானியல் கழகம் எங்கே நிற்கிறது, எங்கே விழுகிறது

2020 ஜனவரி முதல் வாரம். மன்னார்குடிக்குத் தெற்கே, ஒரு ரைஸ்மில்லின் நெல் களம். சம்பா அறுவடை தொடங்க இன்னும் இரண்டு வாரம் இருந்ததால் களம் காலியாகக் கிடந்தது. மாலை ஏழரை மணிக்கும் சிமெண்டுத் தரையில் பகல் சூடு கொஞ்சம் மிச்சமிருந்தது. பத்துப் பதினைந்து பேர் கழுத்தை அண்ணாந்து நின்றிருந்தோம். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படித்த மாணவி ஒருத்தி கிழக்கே கையை நீட்டிச் சொன்னாள்: "சார், ரோகிணியைவிட திருவாதிரை மங்கலா இருக்கு. போன வருஷம் அப்பாயி காட்டினப்ப இதுதான் பெருசா இருந்துச்சு."

"மார்கழிப் பனிம்மா. ரோகிணி மேலே ஏறிடுச்சு, திருவாதிரை இன்னும் கீழே நிக்குது. அதான் அப்படித் தெரியுது" என்றேன். கேட்பதற்குச் சரியான விளக்கம்தான். கீழ்வானத்து விண்மீன் தடித்த காற்றின் வழியே வருவதால் மங்கித் தெரிவது உண்மை. அவளும் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டாள். எங்கள் சங்கத்தின் நோட்டு என் கையில்தான் இருந்தது, பேனாவும் இருந்தது. நான் எழுதவில்லை.

அவள் சொன்னதுதான் சரி. ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் என்று சொல்கிற நம் திருவாதிரை, அந்த மாதங்களில் இதுவரை அளந்து பார்த்திராத அளவுக்கு மங்கிக்கொண்டிருந்தது. வழக்கமாக அதன் பொலிவெண் 0.5 அளவில் இருக்கும். பொலிவெண் கூடக் கூட ஒளி குறையும். 2020 பிப்ரவரி நடுவில் அது 1.6 வரை இறங்கியது. அமெரிக்காவில் வில்லனோவா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் கினன் 2019 டிசம்பரிலேயே இதைக் கவனித்து உலகுக்குச் சொல்லிவிட்டார். அவரோடு கால் நூற்றாண்டாக இந்த ஒரு மீனையே அளந்துவந்த ரிச்சர்ட் வாசடோனிக்கின் பதிவுகள் இருந்ததால்தான் 'இது வழக்கமான ஏற்ற இறக்கம் இல்லை' என்று சொல்ல முடிந்தது. மீனின் மேற்பரப்பிலிருந்து வீசப்பட்ட பொருள் குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்தது என்பது பிறகு பெரிய தொலைநோக்கிகளால் தெரியவந்த காரணம்.

சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனத்துக்குக் கூட்டம் நெருக்கிய அதே மார்கழியில், அந்த நாளுக்குப் பெயர் தந்த மீன் கண் முன்னால் மங்கிக்கொண்டிருந்தது. காவிரிக் கரையில் ஒரு பதின்மூன்று வயதுப் பெண் அதைத் தானாகவே கண்டுபிடித்தாள். அதற்கு எங்களிடம் ஒரு வரிப் பதிவுகூட இல்லை. அந்த இரவு திரும்ப வரப்போவதும் இல்லை.

இந்தக் குறிப்பு அந்த ஒரு வரி ஏன் எழுதப்படவில்லை என்பதைப் பற்றியது. அதைத் தேடப்போய், இந்தியாவின் தேசிய வானியல் கழகம் ஒருமுறை பிறந்து மறைந்து, மறுபடி பிறந்த கதைக்குள் போய்விட்டேன். எங்கள் சின்னச் சங்கம் விழுந்த இடத்தில்தான் அந்தப் பெரிய கழகமும் விழுந்திருக்கிறது.

புயலும் வளையமும்

எங்களுக்கு விதை போட்டது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை அது வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. எங்கள் ஊருக்குக் கரண்ட் வர மூன்று வாரம் ஆனது. கார்த்திகை தீபம் கழிந்து ஐந்தாறு நாள் இருக்கும், நிலா எழ நேரமாகும். வாய்க்கால் மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தோம். கொல்லையில் விழுந்த தென்னைகளை அறுத்து ஒதுக்கக்கூட ஆள் கிடைக்காத நேரம், யாருக்கும் பேச்சு ஓடவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர்தான் வடக்கே காட்டி, "தம்பி, அது என்னப்பா புகை மாதிரி?" என்றார். பால்வழி. கிழக்கிலிருந்து மேற்கு வரை வடக்கு வானத்தில் வளைந்து கிடந்தது. நாற்பது வருஷமாக அந்த ஊரில் இருக்கிறேன், அதற்கு முன் ஒரு நாளும் வீட்டு வாசலிலிருந்து அதைப் பார்த்ததில்லை. அவ்வளவு இழப்புக்கு நடுவே அதைப் பார்த்து மனசு நிறைந்ததில் எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சிகூட இருந்தது.

அடுத்த ஆண்டு 2019 டிசம்பர் 26, வளையச் சூரிய கிரகணம். அதன் பாதை கோயம்புத்தூர், திண்டுக்கல், புதுக்கோட்டை வழியாகப் போனது. வேன் பிடித்துப் புதுக்கோட்டைப் பக்கம் போனோம். ஒன்பதரை மணி வாக்கில் சூரியன் மோதிரமானது. திரும்பும் வழியில் வேனிலேயே "நாம ஒரு சங்கம் ஆரம்பிக்கணும்" என்று முடிவு. மூன்றே நாளில், ஞாயிற்றுக்கிழமை, களத்தில் முதல் கூட்டம். நாற்பதுக்கு மேல் பெயர் சேர்ந்தது. ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றை ஒரு வங்கி அதிகாரி தன் கைப்பணத்தில் வாங்கித் தந்தார். உற்சாகமான மனிதர். செயலாளர், பொருளாளர், வாகன ஏற்பாடு, டீ எல்லாமே அவர்தான்.

மார்ச்சில் ஊரடங்கு. அந்த ஆண்டே அவருக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றல். தொலைநோக்கியை என் வீட்டு பீரோவில் வைத்துவிட்டுப் போனார். வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கம் மட்டும் வந்துகொண்டிருந்தது, பிறகு அதுவும் நின்றது. ஒன்றரை வருஷம் கழித்து பீரோவைத் திறந்தால் ஐபீஸ் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம் படர்ந்திருந்தது. எங்கள் ஊர் ஈரத்தில் மூடி வைத்த கண்ணாடி எதுவும் தப்பாது. பக்கத்தில் அந்த நோட்டு. புரட்டினேன். நாற்பத்திரண்டு பேரின் பெயர், போன் நம்பர், இரத்த வகை எல்லாம் அழகாக எழுதியிருந்தது. வேன் வாடகைக் கணக்கு இருந்தது. வானத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

கல்கத்தா, 1910

நம் நாட்டில் அகில இந்திய அளவில் முதல் வானியல் கழகம் கல்கத்தாவில் 1910இல் தோன்றியது. அதற்கும் ஒரு காட்சிதான் காரணம். அந்த ஆண்டு ஏப்ரலில் ஹாலி வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கி, மே மாதம் விடியற்காலை வானத்தில் நீண்டு நின்றது. பூமி அதன் வாலுக்குள் புகுந்து வெளிவரும் என்ற பேச்சில் உலகமே பரபரத்தது. அந்தச் சூட்டோடு எச். ஜி. டாம்கின்ஸ் என்ற ஆங்கிலேய அதிகாரியின் முயற்சியில் இந்திய வானியல் கழகம் எழுந்தது. டாம்கின்ஸ் அரசுக் கணக்குத் துறைக்காரர். பிரிட்டனில் 1890 முதல் ஆர்வலர்களுக்காக இருந்த சங்கத்தின் அச்சிலேயே இதையும் அமைத்தார்கள். சூரியனுக்கு ஒரு பிரிவு, நிலவுக்கு ஒன்று, ஒளி கூடிக் குறைகிற மாறும் விண்மீன்களுக்கு ஒன்று என்று பிரித்தார்கள். கழகத்துக்கென ஓர் இதழும் வந்தது. எங்களுடைய இரத்த வகை நோட்டோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

அந்தக் கழகத்தில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி. வி. ராமன்தான். அவரும் அப்போது கணக்குத் துறை அதிகாரி. 1907இல் கல்கத்தா, 1909இல் ரங்கூன், அடுத்து நாக்பூர், 1911இல் மறுபடி கல்கத்தா என்று மாற்றல் மேல் மாற்றல் வாங்கியவர். கடைசியில் 1917இல் அந்த வேலையை விட்டுப் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் போய்விட்டார்.

1920களின் தொடக்கத்தில் அந்தக் கழகம் மறைந்துவிட்டது. நடுவில் உலகப் போர் வந்தது உண்மை. ஆனால் ராமனின் மாற்றல் பட்டியலைப் பார்க்கும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கழகத்தைத் தாங்கியவர்களில் பெரும்பாலோர் மாற்றலுக்கு உட்பட்ட அரசு ஊழியர்கள், ஒருநாள் கப்பலேறப்போகிற ஆங்கிலேயர்கள். ஆள் போகும்போது வேலையும் கூடவே போனது. எங்கள் வங்கி அதிகாரி கிளம்பியபோதும் இதேதான் நடந்தது. அவர் மேல் எனக்கு இம்மியும் குறை இல்லை. எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டிவிட்டு, வேடிக்கை பார்த்தவர்கள் நாங்கள்தான்.

ஒரு கருவூல எழுத்தர்

அதே ஹாலி, அதே 1910. கல்கத்தாவிலிருந்து தள்ளி, இன்று வங்கதேசத்தில் இருக்கும் ஜெஸ்ஸோரில் ராதா கோவிந்த சந்திரா என்ற கருவூல ஊழியர் ஒரு பைனாகுலர் வழியாக அந்த வால்நட்சத்திரத்தைப் பார்த்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்று முறை தோற்றவர், காசு எண்ணி நல்லதா கெட்டதா என்று பார்க்கிற வேலை. 1912இல் மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்று வாங்கினார். மாறும் விண்மீன்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் ஒளியும் இன்று எவ்வளவு, அடுத்த வாரம் எவ்வளவு என்று எழுத ஆரம்பித்தார்.

எழுதி என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். அமெரிக்காவில் 1911இல் வில்லியம் டைலர் ஓல்காட் என்ற வழக்கறிஞர் ஒரு சங்கம் தொடங்கியிருந்தார். மாறும் விண்மீன்களைப் பார்க்கிற ஆர்வலர்களிடமிருந்து பதிவுகளை வாங்கி ஒரே பேரேட்டில் சேர்ப்பதுதான் அதன் வேலை. சந்திரா தன் பதிவுகளை அங்கே அனுப்பினார். பெரிய வால்நட்சத்திரம் வந்தாலும் வராவிட்டாலும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து அனுப்பினார். மொத்தம் 37,000க்கு மேற்பட்ட பதிவுகள். அவர் உழைப்பைப் பார்த்து 1926இல் அந்தச் சங்கம் ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடல் தாண்டி அவருக்கு அனுப்பிவைத்தது.

கல்கத்தாக் கழகத்தில் அதிகாரிகள் இருந்தார்கள், அரங்கம் இருந்தது, இதழ் இருந்தது. இவரிடம் ஒரு நோட்டும், அதை வாங்கிக்கொள்ள அடுத்த முனையில் ஒரு கையும் இருந்தன. கழகம் பன்னிரண்டு வருஷம்கூடத் தாண்டாமல் மங்கியது. இவர் பார்த்துச் சொன்ன எண்களை இன்றைக்கும் எடுத்துப் பார்க்கலாம். 2020இல் திருவாதிரை மங்கியபோது உலகமெங்கும் இருந்து ஆர்வலர்கள் எண்களை அனுப்பியதும் அதே அமெரிக்கச் சங்கத்துக்குத்தான்.

அந்த ஆறேகால் அங்குலத் தொலைநோக்கி பின்னாளில் வானியலாளர் வேணு பாப்புவிடம் வந்து, கடைசியில் நம் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்கே வந்து சேர்ந்தது.

1972

வேணு பாப்புதான் இரண்டாவது கழகத்தின் முதல் தலைவர். 1972இல், ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை இருப்பிடமாகக் கொண்டு இந்திய வானியல் கழகம் மறுபடி பிறந்தது. அடுத்த ஆண்டே அதன் காலாண்டு இதழ் வரத் தொடங்கி, நாற்பது ஆண்டுக்கு மேல் வந்தது. கழகம் இன்றும் நடக்கிறது.

இம்முறை மட்டும் ஏன் நின்றது? 1970இல் ஊட்டியில் ரேடியோ தொலைநோக்கி வந்தது. 1971இல் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் தன்னாட்சி பெற்றது. 1972இல் காவலூரில் ஒரு மீட்டர் தொலைநோக்கி வேலை தொடங்கியது. உஸ்மானியாவில் வானியலுக்கென்றே துறை இருந்தது. அதாவது வானத்தைப் பார்ப்பதையே சம்பள வேலையாகக் கொண்ட ஆட்கள் நாட்டில் உருவாகிவிட்டார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார். கழகத்தின் முதுகெலும்பு அந்த நாற்காலிகள்.

இதைச் சொல்லும்போது இன்னொரு பெயரும் மனசில் வருகிறது. கல்கத்தாவில் கழகம் தோன்றிய அதே 1910இல் ராமனின் அண்ணன் மகனாகப் பிறந்தவர் சுப்பிரமணியன் சந்திரசேகர், தஞ்சைப் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். நோபல் பரிசைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். 1952 முதல் 1971 வரை ஒரு வான் இயற்பியல் இதழின் ஆசிரியராக உட்கார்ந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்துத் திருத்தி அச்சுக்கு அனுப்பினார் என்பதை எத்தனை பேர் சொல்கிறோம்? ஒரு துறையின் பேரேட்டை பத்தொன்பது வருஷம் சுமந்திருக்கிறார்.

ஆனால் எங்களைப் போன்ற ஊர்ச் சங்கங்களுக்கு 1972 நேரடியான வழிகாட்டி இல்லை. எங்களில் யாருக்கும் அதற்குச் சம்பளம் இல்லை. ஒருவர் உரக்கடை, ஒருவர் மின்வாரியம், நான் கணக்கு வாத்தியார். நாங்கள் படிக்க வேண்டியது 1910ஐயும், அந்தக் கருவூல எழுத்தரையும்தான்.

நோட்டு இல்லாத கணக்கு

டெல்டாக்காரர்களுக்கு வான்கணக்கு புதிதில்லை. திருநள்ளாறு, ஆலங்குடி, கஞ்சனூர் என்று கிரகத்துக்கு ஒரு கோயில். வியாழன் சிம்மத்துக்கு வரும் மாசியில் கும்பகோணத்தில் மகாமகம். கிரகம் எங்கே நிற்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பஞ்சாங்கம் சொல்கிறது. அதைப் போட்ட வாக்கிய முறை அசாதாரணமான ஒன்று. நிலவின் வேகம் கூடிக் குறைகிற சுழற்சி ஒன்பது முறை சுற்றி முடிய 248 நாள். அந்த 248 நாளுக்கும் நிலவு எங்கே இருக்கும் என்பதை எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் மாற்றி, 248 சிறு வாக்கியங்களாக மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஜான் வாரன் என்ற அதிகாரி புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை வைத்து, நினைவிலிருந்தே 1825ஆம் ஆண்டு சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். தொடக்க நேரம் நான்கே நிமிடம்தான் பிசகியது. முடிகிற நேரம் ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகியது.

கிரகணம் முடிந்த நேரத்தைப் பார்த்து எழுதி, கணக்கோடு ஒட்டிப் பார்த்து, அடுத்த தலைமுறைக்குத் திருத்திக் கொடுக்க ஓர் ஏற்பாடு இருந்திருந்தால் அந்த ஐம்பது நிமிடம் சுருங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். வாக்கியம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் பிழையில்லாமல் வந்தது, கூடவே பழைய பிசகும் வந்தது. இன்றும் சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியம் ஒரு தேதியும் திருக்கணிதம் ஒரு தேதியும் சொல்கின்றன.

கண்ணால் பார்த்துத் திருத்த வேண்டும் என்று பாடுபட்டவர் சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கக் குடும்பத்தில் வந்தவர். 1867இல் ஒரு மாறும் விண்மீனைக் கண்டறிந்தார். கண்கூடான கணிதத்தில் பஞ்சாங்கம் வெளியிட்டார். அவர் சேர இங்கே ஒரு கழகம் இல்லை. 1872இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராக்கியது. நம் மண்ணில் நிலையான கழகம் வர அதிலிருந்து சரியாக நூறு வருஷம் ஆனது.

இரண்டாம் முறை

2022 பொங்கல் கழிந்து மறுபடி கூடினோம். ஒன்பது பேர். இம்முறை கிரகணம் இல்லை, புயல் இல்லை, வால்நட்சத்திரம் இல்லை. அது நல்லதுக்கே என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் காட்சிக்காக வந்தவர் யாரும் இல்லை.

ஒரே ஒரு மீன் போதும் என்று முடிவு செய்தோம். திருவாதிரை. அதற்குத் தொலைநோக்கியே வேண்டாம், கண் போதும். பக்கத்தில் ரைஜெல் 0.1, ரோகிணி 0.9, புனர்பூசத்துப் பொல்லக்ஸ் 1.1, பெல்லாட்ரிக்ஸ் 1.6. இவற்றில் எந்த இரண்டுக்கு நடுவே நிற்கிறது என்று பார்த்து ஓர் எண் போட வேண்டும். ஒரே உயரத்தில் இருக்கிற மீனோடு ஒப்பிட வேண்டும். பனி என்று சாக்குச் சொல்ல இடம் வைக்கவில்லை. இருவர் சேர்ந்து பார்ப்பார்கள், ஆனால் ஒருவர் எண்ணை மற்றவர் கேட்காமல் தனித்தனியாக எழுதுவார்கள். மேகம் இருந்தால் 'மேகம்' என்று எழுத வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழையில் பக்கம் முழுக்க மேகம்தான். ஆனி மாதம் சூரியனுக்குப் பக்கத்தில் போய்விடுவதால் மீனே தெரியாது. ஆக, எங்களுக்கு உண்மையான பருவம் தையிலிருந்து சித்திரை வரை.

நோட்டு இரண்டு. ஒன்று என் பள்ளிக்கூட அலமாரியில், இன்னொன்று ரைஸ்மில்காரர் வீட்டில். மாதக் கடைசியில் ஒன்றைப் பார்த்து மற்றதில் ஏற்றுவோம். அப்புறம் அமெரிக்கச் சங்கத்தின் தளத்தில் அந்த எண்களைப் பதிவோம். செயலாளர் ஒரு வருஷம்தான், அதே ஆள் அடுத்த வருஷம் இருக்கக் கூடாது. இதற்கு எதிர்ப்பு வந்தது. "நீங்களே இருங்க சார், எங்களுக்கு எதுக்கு" என்றார் உரக்கடை அண்ணன். மாற்றலான வங்கி அதிகாரியை நினைவுபடுத்தினேன். சரி என்று ஒப்புக்கொண்டார். இப்போது அவர் கையெழுத்துதான் நோட்டிலேயே தெளிவானது.

2023 சித்திரை முதல் நாள். மேற்கே வெள்ளி பளிச்சென்று கார்த்திகை அறுமீனை அடுத்து நின்றது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்திருந்த அதே பெண் களத்துக்கு வந்தாள். மூன்று வருஷம் முன்பு நான் சொன்ன பனி விளக்கத்தைப் பற்றி அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு நோட்டை வாங்கிக்கொண்டாள். கொஞ்ச நேரம் நிமிர்ந்து பார்த்தாள், ரைஜெலைப் பார்த்தாள், மறுபடி திருவாதிரையைப் பார்த்தாள். அந்த வசந்தத்தில் அது வழக்கத்தைவிட அதிகமாக ஒளிர்ந்தது என்று பிறகு உலகெங்கும் இருந்து செய்தி வந்தது. அன்றைக்கு எங்களுக்கு அது தெரியாது.

டார்ச்சுக்கு மேல் சிவப்புக் காகிதம் சுற்றிய வெளிச்சத்தில் அவள் எழுதினாள்: "14.4.2023, இரவு 7.40. மேற்கு, பாதி உயரம். மேகம் இல்லை. ரோகிணியைவிட நிச்சயம் பிரகாசம். ரைஜெலுக்குக் கிட்டத்தட்ட சமம். 0.2." பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்து. நோட்டை உரக்கடை அண்ணனிடம் நீட்டினாள், அவர் அவள் எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.